மானியம் மூட்டைக்கு வருகிறது, மடைக்கு வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாய மானியம் பற்றி உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. மானியம் கொடுத்துக் கொடுத்தே விவசாயியைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினால், அதில் கை வைத்தால் விவசாயமே இருக்காது என்று அடுத்த வாரம் இன்னொருவர் எழுதுகிறார். இரண்டு பேருமே ஆற்றுப் பாசனமோ நல்ல தண்ணீர்க் கிணறோ உள்ள ஊரை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். நான் திருவாடானை வட்டத்தில், தொண்டிக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கண்மாயையும் ஐப்பசி மழையையும் நம்பி நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறவன். இவ்வளவு கோடி செலவழிக்கிறார்களே, எங்கள் விளைச்சலை எது தீர்மானிக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் அந்தப் பணம் ஏன் வந்து சேரவில்லை, இதுதான் எங்கள் பக்கத்துக் கேள்வி.

எது தீர்மானிக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவோம். நாற்றங்கால், நடவு எல்லாம் கிடையாது. மழை விழுந்தால் முளைக்கும், முளைத்த பிறகு மழை ஏமாற்றினால் கருகும், கருகினால் மறுபடி கடன் வாங்கி விதைக்க வேண்டியதுதான். மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 827 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். பயிர் சூல் கட்டிக் கதிர் வாங்குவது மார்கழியில், மழை விடைபெறுகிற நேரத்தில். அப்போது கண்மாயில் ஒரு தண்ணீரோ இரண்டு தண்ணீரோ பாய்ச்ச இருந்தால் களத்துக்கு மூட்டை வரும், இல்லையென்றால் வயல் முழுக்க மணி பிடிக்காத சாவி, மாட்டுக்கு வைக்கோலாக அறுத்துக்கொள்ளலாம். எத்தனை மூட்டை யூரியா போட்டோம், விதையை மானியத்தில் வாங்கினோமா என்பதெல்லாம் அந்த ஒரு தண்ணீருக்கு அப்புறம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது இருக்கிற மானியங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ்நாட்டு விவசாயிக்குக் கிடைக்கிற உதவிகளில் பெரியது இலவச மின்சாரம். 1984இல் சிறு விவசாயிகளுக்கு என்று தொடங்கி, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் என்று ஆனது. இன்றைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் அதில் ஓடுகின்றன. அதை நான் குறை சொல்ல மாட்டேன், மேற்கு மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் அதனால்தான் நிலத்தை விற்காமல் இருக்கின்றன. ஆனால் எங்கள் கடலோரத்தில் போர் போட்டால் பெரும்பாலான இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கிற தண்ணீரே காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலும் லாரியிலும் வருகிற ஊர்களில் எந்தத் தண்ணீரை இறைப்பது? உச்சிப்புளி, மண்டபம் பக்கம் மணல்பாங்கான இடங்களில் மேல்தண்ணீர் நன்றாக இருக்கும், அங்கே தென்னை நிற்கிறது, அவர்களுக்குப் பயன் உண்டு. களிமண் நிலத்தில் மானாவாரி நெல் போடுகிறவனுக்கு மின்சாரம் இலவசமாக இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சொட்டு நீருக்குச் சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்கிறார்கள், நல்ல திட்டம், ஆனால் அதற்கும் முதலில் சொந்தமாக ஒரு நல்ல நீராதாரம் வேண்டும். அதாவது தண்ணீர் உள்ளவனுக்கே மறுபடியும் தண்ணீருக்கான மானியம் போகிறது.

அடுத்தது உரம். மத்திய அரசு உர மானியத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் செலவழிக்கிறது. 2010 ஏப்ரலில் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) உரங்களுக்கு ஊட்டச்சத்து அடிப்படையில் மானியம் என்று மாற்றி, விலையைக் கம்பெனிகளிடம் விட்டார்கள். யூரியாவை மட்டும் பழையபடி அரசு விலையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, மணிச்சத்து உரமான டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய், பொட்டாஷ் அதற்கும் மேலே போய்விட்டது. கையில் காசு இல்லாதவன் எதை வாங்குவான்? யூரியாவைத்தான் வாங்குவான். யூரியாவிலுள்ள தழைச்சத்து மட்டும் போய்ச் சேர்ந்த பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வரும், குலைநோய் வரும், தண்ணீர் குறைகிற நேரத்தில் முதலில் துவண்டு விழுவதும் அந்தப் பயிர்தான். வறட்சியைத் தாக்குப்பிடிக்கப் பயிருக்கு உதவுவது சாம்பல் சத்து. மழை பின்வாங்கும்போது ஒரு சதவீதப் பொட்டாஷ் கரைசலை இலையில் தெளிக்கச் சொல்லி வேளாண் அலுவலர்களே சொல்கிறார்கள். ஆனால் விலை விவசாயியை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பாசனம் உள்ள ஊரிலேயே இது நஷ்டம், மானாவாரியில் இது விளைச்சலைக் கையால் பிடித்து இறக்குவது.

யூரியாகூட வேண்டிய நேரத்தில் கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. மானாவாரியில் மேலுரம் போட நாள் குறிப்பது மழைதான். ஒரு நல்ல மழை பெய்து ஈரம் நிற்கிற இரண்டு மூன்று நாளில் சுற்றுவட்டாரம் முழுக்க எல்லாருக்கும் ஒரே நேரத்தில் யூரியா வேண்டும். அந்த நாளில் கூட்டுறவு சொசைட்டியில் இருப்பு இல்லை என்பார்கள், கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை என்பார்கள். தனியார் கடைக்குப் போனால், யூரியா வேண்டுமென்றால் இந்த நுண்ணூட்டப் பாக்கெட்டையும் சேர்த்து வாங்கு என்று தலையில் கட்டுகிறார்கள். எனக்கும் நடந்திருக்கிறது, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நடந்திருக்கிறது. விலையில் அரசு கொடுத்த சலுகை அந்தப் பாக்கெட்டிலேயே போய்விடுகிறது. மூன்று நாள் கழித்து லோடு வரும்போது ஈரம் காய்ந்திருக்கும், காய்ந்த மண்ணில் போட்ட யூரியா காற்றோடு போகும்.

விதையும் இப்படித்தான். நாங்கள் புழுதியில் விதைப்பது செப்டம்பரில், மானிய விதை சில ஆண்டுகளில் வேளாண்மைத் துறை டிப்போவுக்கு வந்து சேரும்போது அக்டோபர் ஆகிவிடுகிறது. நடவு செய்கிற மாவட்டத்தின் காலண்டரை வைத்துக்கொண்டு எங்களுக்கும் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் அண்ணா (ஆர்) 4 என்று ஒரு நெல் ரகம் வந்தது, நூறு, நூற்றைந்து நாளில் அறுத்துவிடலாம், வறட்சி தாங்கும். எங்கள் மண்ணுக்காகவே அரசுப் பணத்தில் உண்டாக்கிய ரகம். இப்படி ஒரு ரகத்தைக் கண்டுபிடிக்க ஆன செலவு ஒரு முறைதான், பலன் ஒவ்வொரு போகத்திலும் வந்துகொண்டே இருக்கும். ஷெங்கன் ஃபான், அசோக் குலாட்டி, சுக்தேவ் தோரட் என்ற பொருளாதார நிபுணர்கள் மூவரும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையேதான் நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டுச் சொன்னது: பசுமைப் புரட்சி தொடங்கிய காலத்தில் உரம், கடன், பாசன மானியங்கள் நன்றாகவே பலன் கொடுத்தன, பிற்காலத்தில் அதே ரூபாயை ஆராய்ச்சியிலும் சாலையிலும் கல்வியிலும் போட்டதற்குத்தான் பலன் அதிகம். பரமக்குடியில் ஒரு விஞ்ஞானி கூடுதலாக இருந்தால் எங்களுக்கு எத்தனை லாரி யூரியாவை விட மேல் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, இந்த மானியம் யார் பேருக்குப் போகிறது என்பதையும் பேச வேண்டும், எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். எங்கள் கடலோரத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களில் நிறையப் பேர் வளைகுடாவிலோ, மலேசியாவிலோ, சென்னையிலோ இருக்கிறார்கள். உழுது விதைத்துக் காவல் காத்து அறுக்கிறவர், விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கோ குத்தகைக்கோ பார்க்கிறவர். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிற பிரதமர் கிசான் திட்டம் பட்டாதாரருக்கு. வயலில் மழைநீரைத் தேக்குகிற பண்ணைக்குட்டைக்கான உதவியும் பட்டாதாரருக்கு. கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற கிராமக் கணக்கு) வேண்டும், அடங்கல் கேட்டுப் போனால் பட்டா யார் பேரில் என்ற கேள்வி வரும். நிலத்துக்காரர் நல்லவராக இருந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் உண்டு, நிலத்தில் உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்று பயந்தால் இல்லை. விளைச்சலைக் கூட்டப்போகிற கை எதுவோ அதற்கு மானியம் கிடைக்காமல், வயலைப் பார்த்தே பல வருடமான ஒருவரின் வங்கிக் கணக்கில் ஏறினால் ஒரு மணி நெல்கூட அதனால் கூடாது. நிலத்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பலரும் கஷ்டப்பட்டு உழைத்து வாங்கிய நிலம்தான். விதி எழுதினவர்கள் விதைக்கிறவரை மறந்துவிட்டார்கள்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. காரீப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5, மிளகாய் போன்ற தோட்டப் பயிருக்கு 5 சதவீதம் நாங்கள் கட்டுகிறோம், மீதிப் பிரீமியத்தை இரண்டு அரசுகளும் கட்டுகின்றன, அதுவும் மானியம்தான். வறட்சி ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தப் பணத்தில், அதை மறந்து பேசக்கூடாது. ஆனால் இழப்பைக் கணக்கிடுகிற விதத்தைப் பாருங்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை எல்லையாக வைத்து, அந்த எல்லைக்குக் கீழே போனால்தான் பணம். தொடர்ந்து மழை பொய்க்கிற மாவட்டத்தில் சராசரி என்ன ஆகும்? தானாகவே இறங்கும். எல்லை இறங்க இறங்க, அதே அளவு விளைச்சலுக்குப் போன முறை கிடைத்த இழப்பீடு இந்த முறை கிடைக்காது. அதனால் களை எடுக்க, உரம் போட என்று மேற்கொண்டு காசு இறக்கப் பயப்படுகிறார்கள், விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. இன்சூரன்ஸுக்காக விதைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் பேசுவது இதைத்தான். அப்படிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்கிறேன், கதிர் வாங்குகிற நேரத்தில் தண்ணீர் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் எந்த விவசாயி களையோடு வயலை விட்டுவிட்டு வருவான்?

ஆகவே கண்மாய்க்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன, அவை மிகவும் நெருக்கமாக உள்ள பகுதிகளில் எங்கள் பழைய ராமநாதபுரம் சீமையும் ஒன்று. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஒரு கரையில் தண்ணீர் திறந்துவிடுகிற 48 மடை. அவ்வளவு தண்ணீர் கொள்ளுகிற கண்மாயை வைத்துக்கொண்டு, அதன் கீழே உள்ள கடைமடை வயல்கள் மார்கழியில் வெடித்துக் கிடப்பதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். எங்கள் கண்மாய்கள் தனித்தனி இல்லை. மேலே உள்ளது நிரம்பிக் கலுங்கு வழியாக வழிந்தால்தான் வரத்துக்கால் வழியே கீழே உள்ளதற்குத் தண்ணீர் வரும். நடுவில் ஓர் இடத்தில் ரோடு போடுகிறவர் குழாயைச் சின்னதாகப் போட்டுவிட்டால், அல்லது யாரோ வரத்துக்காலை மேவி வேலி போட்டுவிட்டால், கீழே இருக்கிற கண்மாய்கள் வரிசையாகக் காயும், அதே தண்ணீர் இன்னொரு பக்கம் கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். ஒரே வாரத்தில் ஓர் ஊரில் வெள்ள நிவாரணமும் பக்கத்து ஊரில் வறட்சி நிவாரணமும் கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு (கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம்) மேலே உள்ள கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மரத்தை ஏலம் விடுகிறவர் ஒருவர், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டியவர் இன்னொருவர், ரோட்டுப் பாலத்துக்குப் பொறுப்பு வேறொருவர். கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு ஏலம் விட்டால் மேலே வெட்டிக்கொண்டு போகிறார்கள், தூர் அப்படியே கிடக்கும், அடுத்த மழைக்கு இன்னும் அடர்த்தியாகத் தழைத்து வரும். தூரோடு எடுப்பதற்குக் காசு ஆகும், அந்தக் காசை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 2017இல் குடிமராமத்து என்று கண்மாய்களைச் சீரமைக்கிற திட்டத்தைத் தொடங்கி, ஆயக்கட்டுதாரர் சங்கத்துக்கே வேலையைக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை விவசாயிகளே உழைப்பாகவோ பணமாகவோ போட வேண்டும் என்றார்கள். யோசனை சரியான யோசனை. சங்கம் உண்மையாக இருந்த ஊரில் மடை சரியானது, பேருக்குச் சங்கம் இருந்த ஊரில் கரை மேல் கொஞ்சம் மண் விழுந்தது. அதற்கு அப்புறம் வருடா வருடம் பராமரிப்பதற்கு என்று நிரந்தரமான ஒரு தொகை வரவில்லை. மடையில் ஷட்டர் இறங்கவில்லை என்றால் வைக்கோலையும் சாக்கையும் வைத்து அடைக்கிறோம். தண்ணீர் கசிந்து கார்த்திகையிலேயே பாதி போய்விடுகிறது. ஒரு ஷட்டரின் விலை என்ன, அது இல்லாததால் சாவியாகிப் போகிற நெல்லின் விலை என்ன என்று அரசாங்கத்தில் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டால் மானியம் எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கண்மாயைத் தூர்வாரினால் இரட்டைப் பலன். அந்தக் கரம்பை (வண்டல்) மண்ணை வயலில் அடித்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 2024இல் வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று மாற்றினார்கள், அது உண்மையிலேயே நல்ல காரியம். மண் இலவசம், ஆனால் டிராக்டர் வாடகையும் ஜேசிபி வாடகையும் இலவசம் இல்லை, ஓர் ஏக்கர் வைத்திருக்கிறவர் அந்தச் செலவுக்குப் பயந்தே விட்டுவிடுகிறார். யூரியாவுக்குக் கொடுக்கிற மானியத்தில் ஒரு சிறு துண்டை இந்த வாடகைக்குத் திருப்பிவிடலாம். ஆட்டுக்கிடைக்கும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தில் ஆடு மேய்க்கிற கீதாரிகள் கோடையில் தஞ்சாவூர்ப் பக்கம் போய், எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்து வயல் வயலாகக் கிடை போடுகிறார்கள், ஒரு ராத்திரி கிடை கிடந்த வயலின் பயிர் எப்படி நிற்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஓர் ஏக்கருக்குக் கிடை கட்ட ஆகும் கூலியில் பாதியை அரசு கொடுத்தால் மண்ணும் பிழைக்கும், கீதாரியும் பிழைப்பார். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைக்கு இப்போது மானியம் கொடுக்கிறார்கள், ஆனால் எங்களுக்குக் கோடையில் அதை வளர்க்கத் தண்ணீர் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்போ உர மானியத்தை நிறுத்திவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தயவு செய்து கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இலங்கையில் பல வருடம் மலிவு விலையில் உரம் கொடுத்துப் பழக்கிவிட்டு, 2021 மே மாதம் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியையே தடை செய்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்து, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் அங்கிருந்து படகேறித் தனுஷ்கோடியில் இறங்கிய குடும்பங்களை இந்த மாவட்டத்துக்காரர்கள் பார்த்திருக்கிறோம், அந்தத் துயரத்துக்கு உரம் மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். எந்த மானியத்தையும் ஒரே நாளில் பிடுங்கக்கூடாது. யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் உள்ள விலை இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மிச்சமாகிற பணத்தை அந்தந்த மாவட்டத்துக்கு எது தேவையோ அதற்கு விட வேண்டும். பஞ்சாபில் இலவச மின்சாரமும் நெல் கொள்முதலும் சேர்ந்து விளைச்சலைக் கூட்டித்தான் கொடுத்தது, கூடவே நிலத்தடி நீரையும் உறிஞ்சி முடித்தது. அங்கே ஒரு மருந்து, இங்கே ஒரு மருந்து.

2021 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்குத் தனி பட்ஜெட் போடுகிறார்கள். காவிரி டெல்டாவின் குறுவை நெல்லுக்கு உதவியாகக் குறுவைத் தொகுப்பு என்று தனியாக வருகிறது, வரட்டும், சந்தோஷம். கண்மாய்ப் பாசன மாவட்டங்களுக்கும் அதே போல ஒரு தொகுப்பு வேண்டும் என்று உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். அதில் மடை, கலுங்கு, வரத்துக்காலுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை, தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுகிற நீர்ப்பாய்ச்சிக்கு ஒரு மாதச் சம்பளம், மிளகாய்க்காரர்களுக்குப் பண்ணைக்குட்டை. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மாசி, பங்குனியில் குட்டையிலிருந்து ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால்தான் அந்தப் பெயரால் எங்களுக்கு ஏதாவது கிடைக்கும். விதையும் உரமும் ஆவணி பிறப்பதற்குள் டிப்போவுக்கும் சொசைட்டிக்கும் வந்துவிட வேண்டும். சாகுபடி செய்கிறவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து பார்த்து எழுதினால் போதும், நிலத்துக்காரரின் உரிமைக்கு அதனால் பங்கம் வராது என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால் அவர்களும் பயப்பட மாட்டார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு கண்மாய்க்கும் கடைசியாக எந்த ஆண்டு வேலை நடந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை மடை வேலை செய்கிறது என்று அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடச் சொல்லி உங்கள் பத்திரிகை மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டால் நன்றாக இருக்கும். புரட்டாசிக்கு முன்னால் உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி வையுங்கள். எந்த இடத்தில் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது என்று ஊர்க்காரர்களே கூட நடந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்மாய்ப் பாசன விவசாயி,
திருவாடானை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்